எந்த டாங்க்?

திருகோணமலை மாவட்டத்தில் ‘டாங்க்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், குனிந்து பார்ப்பதா, அண்ணாந்து பார்ப்பதா என்று வாசகருக்குத் தெரியாது.

கந்தளாய்க் குளமும் டாங்க். சீனக்குடா எண்ணெய்க் குதமும் டாங்க். முன்னது குளக்கோட்டன் கட்டியது என்பது ஊர் வழக்கு. இன்றும் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறது. பின்னது வெள்ளையர் கட்டியது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானம் மோதி ஒன்று எரிந்தது. இன்றிருப்பவை 99, பெரும்பாலானவை பல்லாண்டுகள் எண்ணெயைக் காணாமல் காட்டுக்குள் துருவேறின.

போதாக்குறைக்கு, முதல் உலகப்போரில் கவச வண்டி செய்வதை மறைக்க, பிரித்தானியர் அதையும் டாங்க் என்றார்கள். பொய் நிலைத்துவிட்டது.

2022 ஜனவரியில் குதங்கள் பங்காயின: இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கு 61. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர், எந்த டாங்க் என்று ஒருதரம் கேட்டுக்கொள்வது நல்லது.