மாப்ளகிட்ட மட்டும்தான் சொன்னேன்

ஊருக்கு நாலைந்து பேராவது இப்படி இருப்பார்கள். பீரோ சாவியைக் கட்டிய மனைவியிடம் கொடுக்க யோசிப்பார்கள். ஏடிஎம் கார்டை மட்டும் டீக்கடையில் யார் கேட்டாலும் நீட்டிவிடுவார்கள். அவர்கள் சட்டைப்பையில் கைவிடும் வேகத்தைப் பார்த்தால், கவச குண்டலத்தைக் கொடுத்தவனே ஒரு நிமிஷம் தயங்கித்தான் கொடுத்திருப்பான் என்று தோன்றும். எனவே இவரைக் கார்டு கர்ணர் என்றே வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதை ஒட்டி. ஒண்ணாம் தேதி சம்பளம் கணக்கில் விழுகிற உத்தியோகம். யாரிடமும் கடன் வாங்கியதில்லை. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டதும் இல்லை. இந்த இரண்டாவது குணத்தில்தான் கதையே இருக்கிறது.

கர்ணரின் கார்டு இன்னும் வங்கி கொடுத்த காகித உறையிலேயே இருக்கும். உறையின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் நான்கு எண்கள். அது பின் நம்பர் என்று எவனும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பதற்காக, முன்னால் ‘போன்’ என்று எழுதியிருப்பார். நான்கே இலக்கத்தில் எந்த ஊரில் போன் நம்பர் இருக்கிறது என்று திருடன் யோசிக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. எண்ணும் பெரிய சிதம்பர ரகசியமில்லை. அவருடைய ஸ்கூட்டர் நம்பர்தான். ஸ்கூட்டர் தெருவில்தான் நிற்கிறது.

1967-ல் லண்டன் பக்கம் என்ஃபீல்டில் முதல் ஏடிஎம் வந்தபோது, அதைக் கொண்டுவந்த ஜான் ஷெப்பர்ட் பாரன் ரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்கலாம் என்றுதான் நினைத்தாராம். மனிதர் பிறந்தது நம் ஷில்லாங்கில். அவருடைய மனைவி, எனக்கு நாலுக்கு மேல் நினைவில் நிற்காது என்று சொல்லிவிட, உலகமே நாலுக்கு இறங்கிவந்தது. ஒருவர் நினைவில் ஒரு நம்பர் நிற்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு. நம் கர்ணருடைய நம்பரோ அலுவலகத்தில் பாதிப் பேர் நினைவில் நிற்கிறது. அவருக்குத்தான் அடிக்கடி மறந்துவிடும். அப்போது பியூனைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார்.

கர்ணன் என்றால் பக்கத்தில் ஒரு துரியோதனன் வேண்டுமே. அவர்தான் மாப்ள. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கர்ணருக்குக் கால் சுளுக்கிய வாரத்தில், “நீ ஏன்டா அலையிற, கார்டைக் குடு, ரெண்டாயிரம் எடுத்துட்டு வந்துர்றேன்” என்று உரிமையோடு வாங்கிப் போனார். உறையை வாங்க மறந்துவிட்டார். ஆகவே மெஷின் முன்னால் நின்று போன் போட்டார். கர்ணர் அப்போது முடிதிருத்தும் கடையில், முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு இருந்தார். மறுமுனையில் சரியாகக் கேட்கவில்லை. “ஏழு... ஏழுடா... எட்டுக்கு முன்னால ஏழு!” என்று அவர் கத்திய கத்தலில், காத்திருந்தவர் ஒருவர் கையிலிருந்த தினசரியின் ஓரத்தில் தன்னையறியாமல் குறித்தே வைத்துக்கொண்டார்.

ரெண்டாயிரம் வந்தது. கார்டு வரவில்லை. “நாளைக்குத் தர்றேன்” என்றார் மாப்ள. நாளை என்பது நல்ல நாள். அதற்குத் தேதி கிடையாது.

அந்த நாள்களில் கார்டு சும்மா இருக்கவில்லை. மெஷினில் நாலாயிரம், அப்புறம் ஆறாயிரம். தவிர, இப்போதைய கார்டுகளில் வைஃபை மாதிரி ஒரு வளைவுக் கோடு போட்டிருக்கிறதே, அதைக் கடையில் மெஷின் மேல் காட்டினால் போதும். 2021 ஜனவரியிலிருந்து ஐயாயிரம் ரூபாய் வரைக்கும் பின் நம்பர்கூடப் போட வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க்கில் ஒரு தட்டு, ஜவுளிக்கடையில் ஒரு தட்டு, செல்போன் கடையில் இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் வங்கி உடனுக்குடன் கர்ணருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அவர் குறுஞ்செய்தி படிக்கிற ஜாதி இல்லை. மாதத் தவணையில் மனை, முழங்கால் வலிக்கு எண்ணெய், பிறந்தநாளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி வாழ்த்து என்று வந்து குவிந்ததில் வங்கியின் கூக்குரலும் சேர்ந்து புதைந்துபோனது.

பாஸ்புக் அச்சடிக்கும் மெஷின்தான் கடைசியில் உண்மையைக் கக்கியது. கூட்டிப் பார்த்தால் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். கர்ணர் நேரே மாப்ளையிடம் ஓடினார். மாப்ள அதிர்ந்தே போனார். “ஹேக் பண்ணிட்டானுகடா! ஜார்க்கண்டுல உக்காந்துக்கிட்டு இதே வேலையா இருக்கானுகளாம்” என்றார். கர்ணரும் தலையாட்டினார். பாஸ்புக்கில் ஜவுளிக்கடையின் பெயர் தெளிவாக இருந்தது. அடுத்த தெருக் கடை. ஜார்க்கண்ட்காரன் அத்தனை தூரத்திலிருந்து நம்மூர் ஜவுளிக்கடையில் எப்படிப் பட்டு வேட்டி எடுத்தான் என்று கர்ணர் கேட்கவில்லை. போன வாரக் கல்யாணத்துக்கு மாப்ள புதுப் பட்டு வேட்டியில் வந்திருந்ததும் அவர் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டால் கேட்க வேண்டிவரும். கேட்டால் நாற்பது வருஷச் சிநேகிதம். எனவே வங்கிக்குக் கிளம்பினார். துணைக்கு வந்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

வங்கியில் டோக்கன் வாங்கி, சர்வர் வந்து, சாப்பாட்டு நேரம் முடிந்து, துணை மேலாளர் மேடத்தின் முன் இருவரும் உட்கார்ந்தார்கள். மேடம் முதல் காரியமாகக் கார்டை முடக்கினார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். எல்லாம் ஆங்கிலம். கர்ணர் அதை மாப்ளையிடம் தள்ளினார். மாப்ளைக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

“கார்டு யார் வசம் இருந்ததுன்னு கேட்டிருக்கு. உன் வசம்னு போடவா?”

“போடு.”

“பின் நம்பரை யார்கிட்டயாவது சொன்னியா? ஆமா, இல்லைன்னு ரெண்டு கட்டம் இருக்கு.”

கர்ணர் மேடத்தைப் பார்த்தார். “யார்கிட்டயும் சொல்லலை மேடம். மாப்ளகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுக்குத் தனியா ஒரு கட்டம் இருக்கா?”

மேடத்துக்குப் பொறுமை அதிகம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையைத் தாலாட்டு மாதிரி எடுத்துச் சொன்னார். தப்பு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தப்பு வங்கியிலும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் எங்கேயோ என்றால், வங்கி தகவல் அனுப்பியதிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் முழுப் பணமும் திரும்பும். நாலிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்காரர் அதிகபட்சம் பத்தாயிரம் வரை தாங்க வேண்டும். அதற்கும் மேலே போனால் அந்தந்த வங்கியின் கொள்கை. “ஆனா நீங்களே நம்பரைச் சொல்லிக் கொடுத்திருந்தா, எங்ககிட்டப் புகார் சொல்ற நிமிஷம் வரைக்கும் போனது எல்லாம் உங்க கணக்குதான் சார். அதுக்கப்புறம் போனாத்தான் எங்க பொறுப்பு.”

“அப்ப இனிமே போனாத் தருவீங்களா?” என்றார் மாப்ள ஆர்வமாக.

“கார்டை முடக்கியாச்சே சார்” என்றார் மேடம். மாப்ளையின் முகம் லேசாக வாடியதைக் கர்ணர் தனக்கான அனுதாபம் என்று எடுத்துக்கொண்டார்.

மேடம் ஒரு கேஸும் சொன்னார். பெங்களூரில் பிள்ளை பெற்று வீட்டிலிருந்த ஒரு பெண், 2013-ல் தன் கார்டைக் கணவரிடம் கொடுத்து இருபத்தையாயிரம் எடுத்துவரச் சொன்னார். மெஷின் சீட்டைத் துப்பியது, பணத்தைத் துப்பவில்லை. வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 2018-ல் நுகர்வோர் மன்றம் வங்கி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பின் நம்பரைக் கணவனிடம் சொன்னாலும் சொன்னதுதானாம். “புருஷனுக்கே அந்தக் கதி சார். மாப்ளைக்கு எங்க போய்க் கட்டம் போடுறது?”

“சரி, யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?” என்றார் மேடம். மாப்ள பேனாவை நிமிர்த்திக்கொண்டு, “இருக்காடா?” என்று கர்ணரைக் கேட்டார். கர்ணர் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்து, “ஜார்க்கண்ட்” என்றார்.

“ஏடிஎம் கேமராப் பதிவைக் கேட்டு எழுதுவோம். நீங்க முதல் நாளே சைபர் மோசடிக்கான 1930-க்கு போன் போட்டிருக்கணும். இப்பவாவது சைபர் கிரைம்ல எழுதிக் குடுங்க. அடுத்தவங்க பாஸ்வேர்டை மோசடியாப் பயன்படுத்தினா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்.” மாப்ளைக்குத் திடீரென்று டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்து வெளியே போனார். கர்ணர் மேடத்தின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “கேமரால்லாம் வேண்டாம் மேடம். பணம் மட்டும் வந்தாப் போதும். யாருக்கும் சங்கடம் வரக்கூடாது. பெண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கான்” என்றார்.

“யார் சார், ஜார்க்கண்ட்காரரா?” என்றார் மேடம்.

கார்டு கர்ணர்கள் வங்கியில் கேட்பது பணத்தை அல்ல. சிநேகிதனிடம் தாங்கள் கேட்க வேண்டிய கேள்வியை வங்கி கேட்டுத்தருமா என்றுதான் நடையாய் நடக்கிறார்கள். வங்கியும் அதைக் கேட்க மறுக்கும்போது வங்கி மேல் கோபம் வருகிறது. “வங்கியை நம்பவே முடியாதுப்பா” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள். மாப்ளைகளும் பக்கத்திலிருந்து ஆமோதிப்பார்கள்.

எதிர்பார்த்தபடியே வங்கியிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. மாப்ள தளரவில்லை. 2021 நவம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் மூன்று குறைதீர்ப்புத் திட்டங்களையும் ஒன்றாக்கி ஒரே குறைதீர்ப்பாளர் வந்துவிட்டாராம், 14448-க்குப் போன் போட்டால் விவரம் தமிழிலேயே சொல்கிறார்களாம் என்று எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தார். கர்ணர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முத்து முத்தாக மனுவும் எழுத ஆரம்பித்தார்.

காப்பி கொண்டுவந்த கர்ணரின் மனைவி டம்ளரை வைத்துவிட்டு நின்றார். “கார்டு அண்ணன்கிட்ட இருந்துச்சு. நம்பர் அண்ணன்கிட்ட இருந்துச்சு. வேட்டி அண்ணன் இடுப்புல இருக்கு. நீங்க எதுக்குங்க குறைதீர்ப்பாளருக்கு எழுதுறீங்க?”

திண்ணையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மாப்ள பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அவர் முகத்தில் வெட்கத்தைவிட வருத்தம்தான் தூக்கலாக இருந்தது.

“நீ வாயத் திறந்து கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனேடா. நீ பேங்க், பேங்க்குன்னு அலைஞ்சியா, சரி, அவங்களே குடுத்துருவாங்க போலன்னு நானும் நம்பிட்டேன்.”

மாசம் ரெண்டாயிரமாகத் திருப்பிவிடுவதாக ஒப்பந்தமாயிற்று. கர்ணர் பெருமூச்சு விட்டு, கணக்கு எண்ணைச் சொல்லலாம் என்று பாஸ்புக்கைத் தேடினார்.

“அதெல்லாம் வேணாம்டா” என்றார் மாப்ள. “எனக்கு மனப்பாடம்.”