முந்தைய கை: புல்லட் கார்பரேட்டர் குறித்து ஓர் ஆய்வு

பழைய புல்லட்டின் கார்பரேட்டரைக் கழற்றப் போகும் எந்த மெக்கானிக்கும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு கேள்வியை எடுக்கிறார்: "யாரு சார் இதுல கை வச்சது?" ஆய்வுலகம் இக்கேள்வியைத் தொழில் பொறாமை என்று தள்ளிவிட்டது. கார்பரேட்டரைச் சரிசெய்தல் என்ற வினையின் முதல் உறுப்பே இக்கேள்விதான் என்பதும், முந்தைய கை பிழைபட்டது என்று மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் கூறும் தீர்ப்பு இயற்பியலுக்கு இசைந்தது என்பதும் இங்கே நிறுவப்படும். நூல் செய்வோருக்கு நன்னூல் வகுத்த எழுவகை மதங்களில் பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டுவதும் ஒன்று. அதை இயற்றிய பவணந்தி முனிவர் கிரீஸ் துணியைத் தொட்டவரல்லர். ஆனாலும் ஒர்க்‌ஷாப் நடைமுறையை எப்படியோ அறிந்திருக்கிறார்.

1955இல் மதராஸுக்கு வந்து திருவொற்றியூரில் குடியேறிய புல்லட்டின் 350 சிசி வண்டிகளில் நெடுங்காலம் இருந்தது மிக்கார்ப் வி.எம். 24. இதன் பக்கவாட்டில் இரண்டு திருகுகள். பெரியது ஸ்லோ ஸ்க்ரூ. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் அணையாதபடி ஸ்லைடைச் சற்றே தூக்கி நிறுத்துவது. சிறியது ஏர் ஸ்க்ரூ. சண்டை முழுக்க இதைப் பற்றித்தான். வெளியே எடுத்தால் காற்று கூடி மிக்சர் லீனாகும், உள்ளே விட்டால் பெட்ரோலின் பங்கு கூடி ரிச்சாகும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. ஆனால் கார்பரேட்டருக்குக் காற்றை எடைபோடத் தெரியாது; தன் வழியே போகும் காற்று இழுக்கிற பெட்ரோலை விடும், அவ்வளவுதான். விடியற்காலையில் வைத்த அளவு உச்சிவெயிலில் பிசகும். சென்னையில் பொருந்திய அளவோடு 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறினால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, மிக்சர் ரிச்சாகி, பிளக்கில் கரி பிடிக்கும். ஊட்டி மெக்கானிக் சென்னை மெக்கானிக்கை ஏசுவார். அவர் திருத்திக் கொடுத்ததோடு கீழே இறங்கினால் மிக்சர் லீனாகி எஞ்சின் கொதிக்கும். சென்னைக்காரர் ஊட்டிக்காரரை ஏசுவார். இருவர் சொல்வதும் உண்மை. ஒரே வழக்கில் வாதியும் பிரதிவாதியும் ஜெயிப்பதை வேறெந்த நீதிமன்றத்திலும் காண முடியாது.

சுத்தம் செய்தலில் இக்கருத்து இன்னும் வலுக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பிசுபிசுத்த மஞ்சள் கசடை விட்டுச் செல்லும். அது முதலில் அடைப்பது பைலட் ஜெட்டை. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அதன் துளையை மெக்கானிக் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். வெளிச்சப் புள்ளி வட்டமாகத் தெரிந்தால் ஜெட் பிழைத்தது. கோணலாகத் தெரிந்தால், யாரோ கேபிளின் ஒற்றை இழையை விட்டுக் குடைந்திருக்கிறார்கள். பித்தளை மென்மையான உலோகம். இரும்புக் கம்பி அழுக்கோடு சேர்த்துத் துளையின் விளிம்பையும் சுரண்டிவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கம்பி விட்டது யார் என்றால், முந்தைய கைதான். கம்பி விட்டதாக ஒப்புக்கொண்ட நிகழ்காலக் கை எதுவும் இதுவரை அகப்படவில்லை.

கையேட்டில் அளவு இருக்க, அதன்படி வைத்தவரை எப்படிக் குறை சொல்வது எனின், அளவு என்பது தொடக்கம் மட்டுமே. ஏர் ஸ்க்ரூவை இறுக்காமல் உள்ளே இருத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும் என்ற பரவலான விதியும், எஞ்சின் சூடானபின் சத்தம் கேட்டுத் திருத்திக்கொள்ளச் சொல்லித்தான் முடிகிறது. ஆக, பாக்டரியும் ஒரு முந்தைய கையே. பிளக்கின் நிறம் நடுநிலைச் சாட்சி ஆகாதோ எனின், ஆகாது. பிஸ்கட் நிறம் நலம், கரி ரிச், வெளுப்பு லீன் என்பதெல்லாம் சரி. ஏர் ஃபில்டர் அடைத்தாலும், சோக்கைத் தள்ள மறந்து ஓட்டினாலும் அதே கரிதான். குற்றம் நடந்ததைப் பிளக் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது. யாருமே தொடாத வண்டி கெட்டால் என்ன சொல்வது என்பதுதான் மறுப்புகளில் வலுவானது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால், அதே ஜெட்டில், அதே திருகில், மிக்சர் லீனாகிவிடுகிறது. திருகைத் தொடாமலே கை வைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். போன மாதம் இதே கடையில்தானே பார்த்தது என்று நினைவூட்டுவோரும் உண்டு. அதற்கு விடை ஆயத்தமாக இருக்கிறது: "நான் செட் பண்ணப்போ நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க ஏதாச்சும் திருகுனீங்களா சார்?" தர்க்கத்தில் இதற்குப் பெயர் நிரூபிக்கும் சுமையை மாற்றுதல். வண்டிக்காரர்களில் பாதிப்பேர் உண்மையிலேயே திருகியிருப்பார்கள் என்பதால் இது பெரும்பாலும் பலிக்கிறது.

சுற்றின் எண்ணிக்கை, நேரம், அன்றைய வெயில் ஆகியவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதி டூல் பாக்ஸில் வைத்தால் வம்பு தீருமே என்று சமாதானப் பிரியர் ஒருவர் கேட்கலாம். அடுத்த மெக்கானிக் அந்தச் சீட்டை முழுதாகப் படிப்பார். நாலாக மடித்து அதிலேயே விரல் எண்ணெயைத் துடைப்பார். பிறகு ஏர் ஸ்க்ரூவைக் கடைசிவரை உள்ளே விட்டு, வெளியே எடுத்தபடி எண்ணத் தொடங்குவார்: அரை, ஒண்ணு, ஒண்ணரை.