சுழி பார்க்கும் ரசிகர்

தொலைக்காட்சியில் புதிதாக ஒரு ராஜா ராணிக் கதை ஆரம்பமாகப் போகிறதென்று விளம்பரம் வந்த அன்றைக்கே, அந்தக் கண்றாவியைத் தாம் பார்க்கப் போவதில்லையென்று தெருவறியப் பிரகடனம் செய்துவிட்டு, ஆரம்பமாகும் தினத்தன்று எல்லோருக்கும் முன்னதாக வந்து, மின்விசிறிக்கு நேர்கீழாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற பெரியவர் எந்த ஊரில்தான் இல்லை? ஆவுடையார்கோவிலில் இருக்கிற பெரியவருக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் ராணியின் ரவிக்கையையும் ராஜாவின் ஒட்டு மீசையையும் கண்டு மனம் புழுங்குவார்கள். நம்மவர் குதிரையைப் பார்ப்பார்.

குதிரை விஷயத்தில் தம் ஊரைக் கலந்துகொள்ளாமல் பாண்டி மண்டலத்தில் ஒருவரும் வாய் திறக்கலாகாது என்பது அவருடைய சித்தாந்தம். அரிமர்த்தன பாண்டியன் கொடுத்தனுப்பிய பொக்கிஷத்தோடு குதிரை வாங்கப் புறப்பட்ட மந்திரி வாதவூரர், குருந்த மரத்தடியில் குருநாதரைத் தரிசித்து, குதிரையையும் ராஜாவையும் ஒருங்கே மறந்து, கையிலிருந்த பொருளையெல்லாம் கோயிலுக்கே செலவழித்து, மாணிக்கவாசகராக ஆனது இந்தத் திருப்பெருந்துறையில் அல்லவா? "எங்க ஊருப் பக்கந்தானய்யா குதிரை வாங்க ஆள் அனுப்பினான்!" என்று அவர் நிமிர்ந்து சொல்லும்போது, அப்படி அனுப்பப்பட்ட ஆள் ஒரு குதிரையைக்கூட வாங்கவில்லையே என்று ஞாபகப்படுத்தும் தைரியம் யாருக்கும் வருவதில்லை.

படைகள் புறப்படும் காட்சி வந்துவிட்டால் போதும். பேரிகை முழங்குகிறது, சேனாதிபதி வாளை உருவுகிறான், அவனுடைய தாயார் கண்ணீரோடு திலகமிடுகிறாள். இவருடைய பார்வையோ சேனாதிபதியின் முழங்காலுக்குக் கீழே இறங்கி, அங்கிருந்து முன்னால் நகர்ந்து, பாவப்பட்ட அந்தப் பிராணியின் காதில் போய் நிலைகொள்கிறது. "காதைப் பாரு மாப்பிள்ளை, காதைப் பாரு! ரெண்டு நுனியும் உள்ளே வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொடுது. இது மார்வார்க் குதிரை. சோழனுக்கு ஏது மார்வார்க் குதிரை? அரபு தேசத்திலேருந்து கப்பல்ல வந்து இறங்கினதுல்ல அது!" சேனாதிபதி தாயிடம் சொன்ன கடைசி வார்த்தை என்னவென்று யாருக்கும் காதில் விழவில்லை. மறுநாள் சாளுக்கியன் வருகிறான். இவர் துள்ளி எழுகிறார்: "நேத்துச் சோழன் பக்கம் நின்ன அதே வெள்ளைக் குதிரை! ராத்திரியோட ராத்திரியாக் கட்சி மாறிடுச்சு!"

இவ்வளவோடு நின்றால் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளலாம். குதிரையும் மாடும் வாங்குகிறவர்கள் சுழி பார்த்து வாங்குவது நம் பக்கத்து வழக்கம். அந்தச் சாஸ்திரத்தைத் தொலைக்காட்சிப் பெட்டி வரையிலும் கொண்டுவந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். குதிரையின் முகம் கிட்டத்தில் காட்டப்படும் க்ஷணத்தில், நாற்காலியை விட்டு எழுந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையருகே போய்க் குனிந்து, நெற்றிச்சுழி இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்துவிடுவார். அவர் முதுகோ சாமானியமான முதுகன்று. தக்கோலப் போரும் கொப்பத்துப் போரும் அந்த முதுகுக்குப் பின்னால்தான் நடந்து முடிந்திருக்கின்றன. "ஏங்க, கொஞ்சம் விலகுங்களேன்" என்று சொல்லவேண்டிய அவர் மனைவியோ, தன் வீட்டில் தன்னுடைய பெட்டியில் நிம்மதியாக வேறொரு நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே பேசக்கூடாதென்று உத்தரவு; அதனால்தான் இவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் ஒரு குறை உண்டு. கொண்டை சரியில்லை என்பாள். எது சரியான கொண்டை என்று கேட்டால், 1950இல் கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் வரத் தொடங்கியபோது மணியம் போட்ட படங்களைக் கல்வெட்டுப் போலச் சாட்சிக்கு அழைப்பாள். ஆனால் அவள் ஒரு தரம் சொல்லிவிட்டு முறுக்கைக் கடிக்கத் தொடங்கிவிடுவாள்.

முன்காலத்து ரசிகர்கள் வேறு ஜாதி. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த சாகரின் ராமாயணம் ஆரம்பித்தபோது, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஸ்நானம் செய்து, பெட்டிக்கு மாலை சாத்திக் கற்பூரம் காட்டிய ஜனங்களில், ராமன் ரதத்தின் குதிரைக்குச் சுழி பார்த்தவர் ஒருவருமில்லை. 1990இல் திப்பு சுல்தான் கதை, இது கற்பனை என்ற அறிவிப்போடு ஒளிபரப்பாயிற்று. அப்படிப்பட்ட அறிவிப்பு இன்று எல்லாத் தொடருக்கும் முகப்பில் வருகிறது. நம்மவர் அதைத் தினமும் உரக்கப் படித்து, "அப்ப, குதிரையும் கற்பனையா?" என்று எங்களைக் கேட்கிறார். 2015இல் கலைஞர் மு. கருணாநிதி ராமாநுஜர் சரிதத்தைத் தொலைக்காட்சிக்கு எழுதியபோது, நாத்திகர் ஒருவர் ஆசாரியரின் கதையை எழுதலாமா என்று நாடெங்கும் தர்க்கம் நடந்தது. நம்மவர் மட்டும், சந்நியாசிகள் கால்நடையாகச் சஞ்சரிப்பவர்களாதலால் தமக்கு அதில் ஜோலி அதிகமில்லை என்று, அத்தர்க்கத்தில் சேராமலே இருந்துவிட்டார்.

அவர் சொல்வது அத்தனையும் பிசகு என்று தள்ளிவிடவும் முடியாது. பாண்டியனுக்குக் குதிரை கடல்வழியாக வந்தது வாஸ்தவம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அப்படி வந்து இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை வருஷம் திரும்புமுன் மாண்டுபோவதையும், குதிரை வைத்தியம் அறிந்தவர் இங்கே இல்லாததையும், சோற்றையும் மாமிசத்தையும் வேகவைத்துக் குதிரைக்குப் போடுவதையும் எழுதிவைத்திருக்கிறான். இதை நான் ஒருநாள் மெதுவாக எடுத்துச் சொன்னதும், அவர் முகம் சுருங்கிவிட்டது. "அசலூர்க்காரன் பொறாமையில எழுதினது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லித் தொலைத்தேன். அவர் தமது சகல வாதங்களுக்கும் பிரமாணமாகக் காட்டும் நம் கோயில் மண்டபத்துக் குதிரையும், அதன்மேல் சேவகனாக வீற்றிருக்கும் சிவபெருமானும், மாணிக்கவாசகருக்குப் பல நூறு வருஷங்கள் பின்னால் நாயக்கர் காலத்துச் சிற்பிகள் செதுக்கியவை. அவர்களும் தம் காலத்தில் கண்ட உடையையும் அணியையும்தான் பழங்கதைக்குப் பூட்டிப் பார்த்தார்கள். படம் பிடிக்கிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான் என்று கேட்டேன். "கல்லுல செஞ்சவன் விரதம் இருந்து செஞ்சான். இவன் பொட்டலச் சாப்பாட்டைத் தின்னுட்டுச் செய்றான்" என்றார். இதற்கு மறுமொழி எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

ஆனால் அவரைக் கோயிலில் பார்க்கவேண்டும். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், லிங்கமில்லாமல் ஆவுடை மாத்திரமே உள்ள சந்நிதியில் கும்பிடச் சொல்லி, மரச்சட்டமும் ஆணியுமாகக் கருங்கல்லிலேயே இழைத்த கொடுங்கையை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கடைசியில் அந்தக் குதிரையண்டை நிறுத்தி, கடிவாளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று விரலால் தொடாமல் காற்றிலேயே வரைந்து காட்டுவார். அப்போது அவர் குரலில் கோபமே இராது. சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கிப் பாண்டியனிடம் ஓட்டிவந்த கதையைக் கேட்ட ஒரு பையன், "தாத்தா, நரியெல்லாம் நிஜமாவே குதிரையாச்சா?" என்று கேட்டான். காது நுனி வளைந்ததற்காக ஒரு சாம்ராஜ்யத்தையே தள்ளுபடி செய்கிற மனிதர், கண்ணிமைக்காமல், "ஆச்சுல்ல! ராத்திரியே திரும்ப நரியாவும் ஆச்சு" என்றார். சுழியைப் பற்றி அப்போது பிரஸ்தாபமே இல்லை.

அதெல்லாம் கோயிலில். வீட்டுக்குள் வந்துவிட்டால் பழைய மனிதர்தான். நாள் முழுவதும் உழைத்துவிட்டு அரைமணி நேரம் கதை பார்க்க உட்காருகிறவர்கள், குதிரைப் பரீட்சைக்கு வந்தவர்கள் அல்லர். எங்கள் அப்பத்தாவுக்குக் காது மந்தம். முகத்தைப் பார்த்துத்தான் கதையைத் தெரிந்துகொள்கிறாள். அந்த முகத்தையும் மறைத்துக்கொண்டு நிற்பது எந்தச் சரித்திரத்தில் சேர்ந்தது?

நேற்று இளையராணியின் பாலில் விஷம் கலந்திருந்தது. எங்களுக்கெல்லாம் அது தெரியும், அவளுக்குத் தெரியாது. கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனாள். அந்தப்புர ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு குதிரை கனைத்தது. இவர் எழுந்து முன்னால் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ராணி குடித்தாளா, கொட்டினாளா என்று அப்பத்தா கேட்டாள். "சத்தத்தை மட்டும் போட்டுக் குதிரையைக் காட்டாமலே ஏமாத்திட்டான் ஆத்தா" என்றார் இவர்.