பெரியவர் ஆகும்வரை பொறுத்தருளும் ஆணையத்துக்கு

பெறுநர்: தலைவர், இந்தியப் போட்டி ஆணையம், புதுடெல்லி.

பொருள்: அடக்க விலைக்கும் கீழே விற்பவர்களிடம் ஆணையம் காட்டிவரும் பொறுமைக்கு நன்றி கூறல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்கத்துக்கும் குறைவாக விற்பது, 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி தவறு. ஆனால் விற்பவர் சந்தையில் ஏற்கெனவே ஆதிக்கம் பெற்றவராக இருந்தால்தான் தவறு. இந்த நிபந்தனையைத் தாங்கள் பேணிவரும் நேர்த்தியைப் பாராட்டவே இம்மடல். ஆதிக்கம் வந்துவிட்டவருக்கு நட்டத்தில் விற்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தத் தேவை உள்ளவருக்கோ ஆதிக்கம் இன்னும் வந்திருப்பதில்லை. 2011-இல் தேசியப் பங்குச் சந்தை, நாணய வணிகப் பிரிவில் கட்டணமே வாங்காமல் தொழில் நடத்தியதற்காகத் தங்களிடம் 55.5 கோடி ரூபாய் அபராதத்துக்கு ஆளானது. பெரிய ஆளாக வளர்ந்த பிறகு இலவசம் கொடுத்தால் இப்படித்தான் மாட்ட வேண்டிவரும். முன்பே கொடுத்து முடித்திருக்க வேண்டும்.

அந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் பிறகு வந்தார்கள். 2016 செப்டம்பர் 5 அன்று கைப்பேசிச் சேவையில் ஜியோ கடை திறந்தது. அழைப்பும் இணையமும் இலவசம். டிசம்பரோடு முடிய வேண்டிய சலுகை 2017 மார்ச் வரை நீண்டது. ஏர்டெல் புகார் கொடுத்தது. ஜியோவின் சந்தாதாரர் பங்கு 7 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை, ஆகவே அது ஆதிக்க நிறுவனம் அல்ல என்று சொல்லி, 2017 ஜூனில் அந்தப் புகாரைத் தள்ளுபடி செய்தீர்கள். முதலீட்டாளரின் பணபலத்தை மட்டும் வைத்து ஆதிக்கத்தை அளக்க முடியாதாம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏர்செல் திவாலானது, டெலினாரும் டாடா டோகோமோவும் ஏர்டெல்லில் கரைந்தன, வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2024 ஜூலையில் எஞ்சிய மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. இப்போது ஜியோதான் நாட்டின் மிகப்பெரிய கைப்பேசிச் சேவை நிறுவனம். யாரும் அடக்கத்துக்குக் கீழே விற்கவில்லை என்பதால் தங்களுக்கும் வேலையில்லை.

வாடகைக் கார் விவகாரம் இன்னும் அழகு. ஊபர் ஒரு பயணத்துக்கு 204 ரூபாய் இழப்பதாகச் சொல்லப்பட்டதைச் சுட்டிக்காட்டி, இப்படி இழப்பதற்குப் போட்டியாளரை அகற்றுவதைத் தவிர வேறு பொருளாதாரக் காரணம் தெரியவில்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே விசாரணைக்கு வழிவிட்டது. 2021-இல் தாங்கள் வழக்கை மூடினீர்கள்: எதிரில் ஓலா இருக்கிறதே, ஊபருக்கு ஏது ஆதிக்கம்? பெங்களூருவில் ஓலா மீது வந்த வழக்கில் அதைக் காப்பாற்றியது ஊபர். கூட்டு ஆதிக்கம் என்ற ஒன்று நம் சட்டத்தில் இல்லாததால், இருவர் ஒரே நேரத்தில் நட்டத்தில் விற்றால் இருவருமே அப்பாவிகள். இடையில் நசுங்கிய பழைய டாக்சி நிறுவனங்களும் மூன்றாவதாக நட்டத்தில் இறங்கியிருக்கலாம், பணம்தான் இல்லை.

தாங்கள் சொல்லக்கூடிய பதில் தெரியும்: காப்பது போட்டியை, போட்டியாளரை அல்ல. நியாயம்தான். ஏர்டெல் ஒன்றும் தெருமுனைப் பெட்டிக்கடை இல்லை. ஜியோ வந்திராவிட்டால் கிராமத்துக் கைப்பேசியில் காணொளி ஓடியிருக்காது என்பதையும் மறுக்க முடியாது. தள்ளுபடியைத் தடுத்தால் புதியவர் நுழைவதெப்படி என்ற கேள்வியும் வலுவானது. ஆனால் தியாகராய நகர் துணிக்கடைகளின் ஆடித் தள்ளுபடியும் தள்ளுபடிதானே? கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதத்தில் தேங்கிய சரக்கைக் காசாக்குகிறார்கள்; இழப்பு கடைக்காரரின் சொந்தக் கைப்பணம், ஆவணி பிறந்தால் கதை முடிந்தது. முதலீட்டாளர் பணத்தை ஆண்டுக்கணக்கில் எரிப்பவர் எந்தச் சரக்கைத் தீர்க்கிறார்? அந்தப் பணம் எப்போது, யாரிடமிருந்து திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிறார்? ‘நீ பெரியவனா?’ என்பதற்குமுன் இதைக் கேட்டால், ஆடிக்காரர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். மற்றவருக்கு வழக்கறிஞர் வேண்டியிருக்கும்.

அடுத்து, பத்து நிமிடத்தில் மளிகை என்று வந்த நிறுவனங்கள் மீது விநியோகஸ்தர்கள் புகாரோடு தங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்: அமேசான், ஃபிளிப்கார்ட் மீது 2020 ஜனவரியில் தாங்கள் ஆணையிட்ட விசாரணையின் அறிக்கை 2024-இல்தான் முடிந்தது. தாமதத்தில் நீதிமன்றப் படிகளுக்கும் பங்குண்டு, தங்களை மட்டும் குறைசொல்லக் கூடாது. எனவே புகார்ப் படிவத்தில் ஒரு சிறு திருத்தம் கோருகிறேன். ‘மனுதாரரின் கடை மூடப்பட்ட நாள்’ என்றொரு கட்டமும், வாரிசுதாரர் கையொப்பத்துக்கு ஓரிடமும் சேர்த்துவிட்டால், விசாரணை முடியும்போது யாருக்குத் தகவல் அனுப்புவது என்ற சிக்கல் வராது.

இப்படிக்கு,
தள்ளுபடியில் வாங்கிப் பழகிய நுகர்வோர் ஒருவர்