தன்னையே திருத்திக்கொள்ளும் இசைத்தொகுப்பு

கேள்வி: பெற்றோரும் குழந்தைகளும் சலிப்பின்றிச் சேர்ந்து கேட்கக்கூடிய இசைத்தொகுப்பு ஏதேனும் உண்டா?

பதில்: அமெரிக்க ராக் இசைக்குழுவான ‘தே மைட் பி ஜயண்ட்ஸ்’ 2009-இல் வெளியிட்ட ‘ஹியர் கம்ஸ் சயன்ஸ்’ தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். சூரியனைக் கனன்று ஒளிரும் வாயுத்திரள் என வருணிக்கும் பாடலொன்றை, 1959-இல் வெளிவந்த சிறுவர் அறிவியல் இசைத்தட்டிலிருந்து எடுத்து உற்சாகமாகப் பாடிவிட்டு, அடுத்த பாடலிலேயே, அது வாயு அன்று, பிளாஸ்மா, அதாவது கடும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அணுக்களிலிருந்து பிரிந்து திரியும் பொருள்நிலை என்று இக்குழுவினர் மறுத்தும் பாடுகின்றனர். சொன்னது தவறு என்று தாளம் தப்பாமல் ஒப்புக்கொள்ளும் பெரியவர்கள் வீடுகளில் அரிதாகையால், குழந்தைகளுக்கு இவ்விணை பிடித்துப்போவதில் வியப்பில்லை. காரில் ஐம்பதாவது முறை ஒலிக்கையில் தந்தையின் பொறுமை தாங்குமா என்பதற்கு மட்டும் எந்த இசைக்குழுவும் உத்தரவாதம் அளிப்பதில்லை.