குட்டைக் குழலுக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: குழல் குட்டையான வேட்டை ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா பொருந்தும்? மரச்சீனி விளையைப் பன்றி கிளறிப் போடுகிறதே!
(ஒரு விவசாயி, பேச்சிப்பாறை)

பதில்: பெரிய தோட்டாவில் வெடிமருந்து மெதுவாக எரியும். குழல் குட்டையானால், குண்டு வெளியேறிய பிறகும் மருந்து எரிந்துகொண்டிருக்கும். பலத்தில் ஒரு பங்கு தீப்பிழம்பாகவும் சத்தமாகவும் வீணாகும். பன்றி தப்பிவிடும், உங்கள் செவிப்பறை தப்பாது! .30-06 நீளக் குழலுக்கு உரியது. சின்னக் கூடும் வேகமாக எரியும் மருந்தும் கொண்ட .300 பிளாக்அவுட், குட்டைக் குழலுக்கென்றே பிறந்தது.

ஆனால் உங்கள் விளைக்கு எந்தத் தோட்டாவும் பொருந்தாது, ஐயா. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். சுடுபவர் வனத்துறையினராக இருக்கவேண்டும். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. பேச்சிப்பாறையில் பல விளைகள் காட்டை ஒட்டியே கிடக்கின்றன. அந்த விவசாயிகளுக்கு இந்த விதியால் பயன் குறைவு, அது எனக்கும் வருத்தம்தான். அதற்காகத் தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் மட்டும் வைத்துவிடாதீர்கள், கடிக்கும் யானையின் வாய் சிதறிப்போகும். சேதத்தைப் படமெடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு இன்றே மனுக் கொடுங்கள்.