கல்லேத்தும் மாமா

மேல் லயத்தில் குடியிருப்பவனுக்குக் கீழ் லயத்துக் கூரைதான் காட்சி. காலையில் பல் விளக்கிக்கொண்டு வாசலில் நின்றால் கண்ணில் முதலில் விழுவது மாமாவின் தகரம். தகரம் என்பது ஒரு மரியாதைக்கு. தெரிவதெல்லாம் கல்.

எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் லயத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். கூரைக்கு என்ன வந்தாலும் கல்லேத்துவார். காற்றில் தகரம் படபடத்தால் ஒரு கல். ஒழுகினால் ஓட்டையின் மேல் ஒரு தகரத் துண்டு, துண்டின் மேல் ஒரு கல். ஒழுகாத இடத்தில், இனி ஒழுகாமல் இருக்க ஒரு கல். பக்கத்துக் காம்பராக்காரர் ஊருக்குப் போயிருந்தால் அவர் தகரத்திலும் ஒன்று, உதவியாக.

கல் என்றால் கல் மட்டுமல்ல. லொறி டயர் இரண்டு, சைக்கிள் ரிம் ஒன்று, பாட்டு நின்றுபோன ரேடியோ, பாதி உடைந்த ஆட்டுக்கல். ஒவ்வொன்றுக்கும் வரலாறு உண்டு. மாமா ஆண்டுக் கணக்கு வைப்பதில்லை, காற்றுக் கணக்கு வைப்பார். “இது பெரியவ சடங்கான வருசம் அடிச்ச காத்துக்கு ஏத்துனது” என்பார். ஆட்டுக்கல்லைப் பற்றி ஒருமுறை கேட்டேன்.

“அது எங்கம்மா மாவாட்டுன கல்லு தம்பி. ஒடஞ்சிருச்சுன்னு தூக்கிப் போட மனசு வரல.”

“அதனால மேல தூக்கிப் போட்டீங்களா?”

“போடல. வச்சேன்.”

டெங்கு பரிசோதனைக்கு பீ.எச்.ஐ. வந்த அன்று மாமாவின் வாசல் துடைத்துவிட்டது போல இருந்தது. சிரட்டை இல்லை, டயர் இல்லை. “நம்ம பக்கம் ஒரு டயர் கெடையாது சேர்” என்று சத்தியம் செய்தார். அவர் தலைக்கு நேர் மேலே இரண்டு டயர்களும் வயிறு நிறையத் தண்ணீரோடு கிடந்தன. மேல் லயத்தில் நின்ற நாங்கள் மூச்சு விடவில்லை. லய ஒற்றுமை என்று ஒன்று இருக்கிறதே.

வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எங்கும் தகரத்துக்குச் சோதனைக் காலம். அதில் தகரம் தோற்கும் இடம் ஆணி ஓட்டை. ஆணிக்குக் கீழே இருக்கிற ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்துப்போகும். அதன் வழியே தண்ணீர் இறங்கி ஆணி துருப்பிடிக்கும், ஓட்டை பெரிதாகும், தகரம் ஆடத் தொடங்கும். அந்த நேரத்தில் ஏணி வைத்து ஏறி, பழைய ஆணியைப் பிடுங்கி, வாஷரோடு புது ஆணி அடித்து, கொஞ்சம் தார் பூசினால் வேலை முடிந்தது. மாமாவும் ஏணி வைத்து ஏறத்தான் செய்கிறார். இந்த வயதில் ஒரு முழு டயரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். ஒரு வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏற மாட்டேன் என்கிறார்.

கல்லுக்கடியில் சவுக்குமரச் சருகு சேரும், ஈரம் நிற்கும், துத்தநாகப் பூச்சு உரிந்து தகரம் அரிக்கும். ஆக, போன வருஷத்துக் கல் போட்ட ஓட்டைக்கு இந்த வருஷம் புதுக் கல். லயத்துக்கு முகடு ஒன்றுதான் என்பதால் மாமா வீட்டில் நுழைந்த தண்ணீர் மாமா வீட்டிலேயே இறங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, மூன்றாம் காம்பராவில் வயர் மூட்டின் மேல் சொட்டும். அந்த மூட்டில் சுற்றியிருப்பது செலோடேப். ஒரு காம்பராவில் தீப்பற்றி ஒரு லயமே எரிந்த செய்தியை இங்கே எல்லாரும் வாசித்திருக்கிறோம். மாமாவும் வாசிப்பார். வாசித்துவிட்டு, “பாவம்” என்பார்.

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து தோட்டத்து மக்களுக்கு மேலும் 10,000 வீடு என்று அறிவித்தபோது மாமாவும் கூட்டத்தில் நின்றார். திரும்பி வந்து, மேடைக் கூரைக்குப் பாரமே வைக்கவில்லை என்று கவலைப்பட்டார். பிறகு மருமகனுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தது. பால் காய்ச்சிய அன்று எல்லாரும் உள்ளே பார்த்தார்கள், மாமா வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். சாயங்காலம் புதுக்கூரையில் ஒரு கல் இருந்தது. திருஷ்டிக்காம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று எழுதவும் ஆசைதான். தகரம் தோட்டத்துடையது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகும் லயம் வெள்ளைக்காரன் கட்டிவைத்த இடத்தில்தான் நிற்கிறது. ஒரு தகரம் வேண்டுமென்றால் தலைவரிடம் சொல்லி, தலைவர் ஆபீசில் சொல்லி, தொரை பார்த்து, எழுதி, அடுத்த தேர்தலுக்குள் வந்தால் பெரிய காரியம். தனக்குச் சொந்தமில்லாத கூரைக்கு எவன் காசு போடுவான்? நியாயம். ஆனால் மாமா, தகரம் தோட்டத்துடையது, ஆணியுமா தோட்டத்துடையது?

வீட்டுக்குப் பின்னால், மண்மேட்டுக்கும் குசினிச் சுவருக்கும் நடுவே கான் ஒன்று ஓடுகிறது. ஓட வேண்டும். அங்கே யாரும் போவதில்லை, ஆகவே அது யாருடைய கண்ணிலும் படுவதில்லை. மழைநீர் வடிந்தோட வழிவிடுங்கள், சுவரில் வெடிப்பு வந்தால், ஊற்று கலங்கி வந்தால் உடனே வெளியேறுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்கு மழை சொல்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட இரவு, மாமா டோர்ச் அடித்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல் அசையவில்லை. மண் பின்பக்கமாக இறங்கி, குசினிச் சுவரில் இடுப்பளவுக்கு ஏறி நின்றது. பெரிய மேடாக இருந்திருந்தால் இதை நான் வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும். விடிந்ததும் இளந்தாரிகள் மண்வெட்டியோடு கானை வெட்டித் திறந்தார்கள். மாமாவும் கூடவே நின்று உதவி செய்தார். வெட்டிய மண்ணுக்குள்ளிருந்து நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கித் தனியே அடுக்கிக்கொண்டிருந்தார்.

மற்றதை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இறவாரத்து ஓரத்தில் ஒரு கல் வைத்திருக்கிறார், பாதி தகரத்திலும் பாதி ஆகாயத்திலும். அதற்கு நேர் கீழே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதை. போன கிழமை நேரில் போய்ச் சொன்னேன்.

“மாமா, அந்த ஒரு கல்லையாவது எறக்குங்க.”

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

“எறக்கலாம் தம்பி. அந்த எடத்துல வைக்க வேற நல்ல கல்லு ஒன்னு பாத்துச் சொல்லுங்க.”